மறைக்காதீர்கள்... சொன்னால் வழி உண்டு!

“நீட் எழுதி, கவுன்சலிங் முடிஞ்சு, சீட்டும் கிடைச்சாச்சு. இனிமே என்ன கவலை? அஞ்சு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ளே ஓடிடும்!”

வீட்டில் ஒரு பிள்ளை மருத்துவத்துக்கோ, நர்ஸிங்குக்கோ சேர்ந்துவிட்டால் நாம் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஸ்வீட் கொடுக்கிறோம்.

அந்தப் பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருக்கலாம். பிறவியிலேயே ஒரு கால் குட்டையாக இருக்கலாம். விபத்தில் இரண்டு விரல்கள் போயிருக்கலாம். வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பிளஸ் டூ வரைக்கும் இது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. முன் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டில் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு படித்து, மார்க் வாங்கிக் காட்டியிருப்பார். கல்லூரியிலும் ஆரம்ப நாட்கள் புத்தகம், லேப் என்று ஓடிவிடும்.

சோதனை ஆரம்பமாவது வார்டில்தான்!

வகுப்பு வேறு, வார்டு வேறு

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இரண்டாம் வருஷத்திலிருந்து முறையான வார்டு போஸ்டிங் உண்டு. மெடிசின், சர்ஜரி, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று மாறி மாறிப் போக வேண்டும். படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக வேலை. நர்ஸிங் மாணவிகளோ முதல் வருஷத்திலேயே வார்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பிசியோதெரபி படிப்பவர்களுக்கும் இதே கதைதான்.

வகுப்பறையில் இடம் மாறாது. நமக்கு வசதியான பெஞ்ச், தெரிந்த ஆசிரியர், பழகிய மாடிப்படி. வார்டில் சில வாரங்களுக்கு ஒரு முறை எல்லாமே மாறிவிடும். புது சீஃப், புது வார்டு சிஸ்டர், புது மாடி, புது டியூட்டி நேரம். ரவுண்ட்ஸ் என்றால் கட்டிலுக்குக் கட்டில் நின்றபடியே மணிக்கணக்கில் நகர வேண்டும். சீஃப் முகத்தில் மாஸ்க்கோடு, நோயாளியைப் பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில் கேள்வி கேட்பார். சுற்றிலும் இருபது பேர் முண்டியடிப்பார்கள். பின்னால் ஒரு மானிட்டர் கத்திக்கொண்டிருக்கும்.

உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிற மாணவிக்கு, அந்த மாஸ்க் ஒரு சுவர். கேலிப்பர் போட்டு நடக்கிற மாணவருக்கு, மூன்று மணி நேர ரவுண்ட்ஸ் ஒரு தண்டனை. முதல் போஸ்டிங்கில் வாயைத் திறந்து சொல்லி, அங்கே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாலும், அடுத்த வார்டுக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது ஆளிடம் தன் உடம்பைப் பற்றி விளக்குவது சாதாரண விஷயமா? பல பிள்ளைகள் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய்ச் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள்.

மறைத்தால் யாருக்கு ஆபத்து?

ஒரு உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காது சற்று மந்தமான ஒரு மாணவர். சீஃப் அவரைக் கூப்பிட்டு, “இந்தப் பேஷண்டோட ஹார்ட்டைக் கேளுப்பா. மர்மர் கேக்குதா?” என்கிறார். மாணவர் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் கேட்ட பத்துப் பேரும் “கேட்டுது சார்” என்று சொல்லியாகிவிட்டது. இவரும் தலையாட்டிவிட்டு, “கேட்டுது சார்!” என்கிறார்.

அன்றைக்கு ஒன்றும் ஆகாது. கேஸ் ஷீட்டில் எழுதப்போவது சீஃப்தானே! ஆனால் அந்தத் தலையாட்டல் பழக்கமாகிவிட்டால்? நாளைக்கே ஹவுஸ் சர்ஜனாகி, நடுராத்திரி கேஷுவாலிட்டியில் தனியாக நிற்கும்போது என்ன ஆகும்? அங்கே ‘கேட்டுது’ என்ற ஒரு வார்த்தையை நம்பி மருந்து கொடுப்பார்கள்.

காது மந்தமாக இருப்பது ஆபத்தில்லை. அதற்கு வழி இருக்கிறது. மந்தமாக இருப்பதை யாருக்கும் தெரியாமல் மறைப்பதுதான் ஆபத்து. நோயாளிக்கும் ஆபத்து, மாணவருக்கும் ஆபத்து.

சரி, ஏன் மறைக்கிறார்கள்? பெரும்பாலும் வீட்டில் சொல்லிக் கொடுத்ததுதான். “வெளியே சொல்லாதேடா... சீட் போயிடும்”, “யாருக்கும் தெரியவேண்டாம்மா... நாளைக்குக் கல்யாணம் பேசணும்” என்று நாம்தான் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். தகுதி இருந்தும் இடம் மறுக்கப்பட்டு, கோர்ட் வரை போன பிள்ளைகள் உண்டு. ஆனால் இன்றைக்குச் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால், இந்தப் பயம் பாதி குறைந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நம் ஊர்க் கதை ஒன்று.

வேலூர் சொல்லித் தந்த பாடம்

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். கேரளத்துக்காரர். மருத்துவம் முடித்து, அங்கேயே பயிற்சியில் இருந்த இளம் டாக்டர். 1954-ம் வருஷம் ஜனவரி மாதம் சக டாக்டர்களோடு வண்டியில் போனபோது விபத்து. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

‘இனி இந்தப் பெண் எப்படி டாக்டர் வேலை பார்ப்பாள்?’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். அங்கே தொழுநோயாளிகளின் கைகளை ஆபரேஷன் செய்து சரிப்படுத்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்டுக்கு வேறு மாதிரி தோன்றியது. கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே! மேரி வர்கீஸின் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்று, வேலூருக்கே திரும்பி வந்து அந்தத் துறையை வளர்த்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மும்பையில் டாக்டர் சுரேஷ் அத்வானியும் இப்படித்தான். எட்டு வயதில் போலியோ. சக்கர நாற்காலி. மருத்துவக் கல்லூரியில் முதலில் இடம் தர மறுத்தார்கள். விடாமல் போராடி வாங்கினார். பின்னாளில் நாட்டின் முன்னணிப் புற்றுநோய் மருத்துவர்களில் ஒருவரானார். 2002-ல் பத்மஸ்ரீ, 2012-ல் பத்மபூஷண்.

‘இவர்களெல்லாம் மகா மேதைகள், நம்ம பிள்ளை சாதாரணம்’ என்று நினைத்துவிடாதீர்கள். இதில் மேதாவித்தனத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வேலூரில் ‘இவரால் முடியுமா?’ என்று கேட்டு நிறுத்திவிடவில்லை. ‘எந்த வழியில் முடியும்?’ என்று கேட்டார்கள். வார்டில் ஒவ்வொரு மாணவரையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நோக்கம் ஒன்று, வழி பல

வார்டில் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவது நோக்கம் இல்லை. இதயத்தில் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். நோக்கத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது, வழியை மாற்றிக்கொள்ளலாம். சில உதாரணங்களைப் பார்ப்போம்.

காது மந்தம்: நாம் போடுகிற காது மெஷின் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. இதய ஒலி அதைவிடத் தாழ்ந்த சுருதி. அதனால் மெஷின் போட்டிருந்தாலும் சாதாரண ஸ்டெதாஸ்கோப்பில் சரியாகக் கேட்காமல் போகலாம். இதற்காகவே ஒலியைப் பெருக்கித் தரும் எலெக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப்கள் வந்திருக்கின்றன. சிலவற்றைக் காது மெஷினோடு நேராக இணைக்கலாம். சிலவற்றில் ஒலியைச் செல்போன் திரையில் கோடாகவும் பார்க்கலாம். எந்த மெஷினோடு எது ஒத்துப்போகும் என்று காது மெஷின் பொருத்தியவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரவுண்ட்ஸில் சீஃபுக்கு எதிரே நிற்க ஓர் இடம், வாய்ப் பகுதி கண்ணாடிபோல் தெரிகிற மாஸ்க், லேப் ரிசல்ட்டைப் போனில் சொல்லாமல் மெசேஜாக அனுப்புவது... இவை எல்லாம் பெரிய செலவு பிடிக்காத ஏற்பாடுகள்.

கால், நடை: கட்டிலுக்குக் கட்டில் நகரும்போது உட்கார ஒரு மடக்கு ஸ்டூல். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டில் உள்ள பக்கம் நோயாளியை ஒதுக்குவது. லிஃப்ட் உள்ள பிளாக்கில் போஸ்டிங். பக்கத்திலேயே சக்கர நாற்காலி நுழைகிற பாத்ரூம். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாத்ரூம் போக வழியில்லாமல் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றில் படுத்துவிட்டால் படிப்பு எப்படி நடக்கும்?

“மாரடைப்பு வந்து ஒருத்தர் விழுந்துட்டா, சக்கர நாற்காலியில இருக்கறவர் எப்படி நெஞ்சை அமுக்குவார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அமுக்க வேண்டும். அதை அவரால் நேரடியாகச் செய்ய முடியாமல் போகலாம். ஆனால் எப்போது தொடங்க வேண்டும், சரியாக அமுக்குகிறார்களா, எப்போது ஆளை மாற்ற வேண்டும், எந்த மருந்து, எப்போது ஷாக் என்பதையெல்லாம் அவர் தெரிந்து, பக்கத்தில் உள்ளவர்களைச் சொல்லிச் செய்ய வைக்க முடியும். ஆஸ்பத்திரியில் இது எப்போதுமே பல பேர் சேர்ந்து செய்கிற வேலைதான். ஒருவர் நின்று நடத்திக் கொடுப்பது அதில் முக்கியமான பங்கு.

கை, விரல்: ஒரு கையால் பி.பி. பார்க்க தானியங்கிக் கருவி இருக்கிறது. ஊசி போடுவது, தையல் போடுவது போன்றவற்றைத் தனக்கு ஒத்துவருகிற பிடியில், பொம்மையில் பல தடவை பழகிவிட்டு அப்புறம் நோயாளியிடம் வரலாம். பழகுவதற்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் கேட்பதில் வெட்கமில்லை.

பார்வைக் குறைவு: செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பது, கேஸ் ஷீட்டைக் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் படிப்பது, நோயாளியின் காதுக்குள் பார்க்கக் கேமரா பொருத்திய கருவி. நிறங்களைப் பிரித்தறிய முடியாத மாணவர்கள் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையின் நிறத்தைத் தாங்களே ஊகிக்கக் கூடாது. மெஷினில் படிக்க வேண்டும், அல்லது இன்னொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ரத்தச்சோகை, மஞ்சள்காமாலை என்று சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எழுத்துத் தடுமாற்றம்: டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள் புத்திசாலிகள். ஆனால் ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு மருந்துகள் அவர்களைத் தடுமாற வைக்கும். மருந்தின் பெயரை வாய்விட்டுப் படித்து, அளவை இன்னொருவரிடம் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். உண்மையில் எல்லா நர்ஸுகளும் டாக்டர்களும் கடைப்பிடிக்க வேண்டிய விதிதான் இது!

கண்ணுக்குத் தெரியாதவை: வலிப்பு உள்ளவருக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். தொடர்ந்து நைட் டியூட்டி போடாமல் இடைவெளி விட்டுப் போடலாம். இன்சுலின் போடுகிறவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் ஆறு மணி நேரம் நிற்கச் சொன்னால், நடுவில் வெளியே வர அனுமதி வேண்டும். மனநல சிகிச்சை எடுப்பவருக்கு மாதம் ஒரு நாள் தன் டாக்டரைப் பார்த்துவர விடுப்பு வேண்டும். வெளியே பார்த்தால் இவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள். அதனாலேயே ‘சோம்பேறி’, ‘சாக்குச் சொல்றா’ என்று பெயர் வாங்குவதும் இவர்கள்தான்.

போஸ்டிங்குக்கு முன்னால் ஆறு வேலைகள்

1. முதலில் பிள்ளையே உட்கார்ந்து யோசிக்கட்டும். ‘எது கஷ்டம், எது வேண்டும்?’ என்று ஒரு தாளில் எழுதட்டும். வியாதியின் பெயரைவிட, தேவை என்ன என்பதுதான் முக்கியம்.

2. போஸ்டிங் தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே டீன் அல்லது பிரின்சிபாலுக்குக் கடிதம் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கடிதத்துக்கு நகலும், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள்.

3. ஒரு நாள் முன்னதாகவே வார்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். லிஃப்ட் எங்கே, பாத்ரூம் எங்கே, கட்டில்களுக்கு நடுவே எவ்வளவு இடம் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

4. ஒப்புக்கொண்ட ஏற்பாடுகளை ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். வார்டு மாறும்போது அந்தத் தாளும் கூடவே போகட்டும். ஒவ்வொரு சீஃபிடமும் முதலிலிருந்து கதை சொல்லும் வேதனை அதோடு தீரும்.

5. பிரச்னை வந்தால் யாரிடம் போவது என்று ஒரு பேராசிரியரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு பேச்சு. எது பயன்பட்டது, எது பயன்படவில்லை? ஸ்டூல் கொடுத்திருப்பார்கள், ஆனால் அதை யாராவது தினமும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதெல்லாம் நடந்தால்தானே தெரியும்!

ஒரு விஷயம். வியாதியின் முழு விவரமும் வார்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. “இவங்களுக்கு நேர்ல பார்த்துப் பேசணும்” என்று வார்டு சிஸ்டருக்குத் தெரிந்தால் போதும். காரணம் கடிதத்தோடு நிற்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற டாக்டர்களும் நர்ஸிங் டியூட்டர்களும் நிறைய. உங்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயாளி முன்னாலும் சக மாணவர்கள் முன்னாலும், “உனக்கு என்ன பிரச்னை?” என்று கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு எது சௌகரியம்?” என்று கேளுங்கள். நீங்களாகவே ஊகித்து, “நீ தியேட்டருக்கு வரவேண்டாம், லைப்ரரியில படி” என்று அனுப்பிவிடாதீர்கள். அது சலுகைபோலத் தெரியும். உண்மையில் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியதை நீங்கள் பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

அதேபோல, ‘பாவம்’ என்று பாஸ் போடவும் வேண்டாம். அதைவிட அவமானம் அந்தப் பிள்ளைக்கு வேறில்லை. அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அளக்கும் முறை மட்டும் மாறட்டும். பிரிட்டனில் மருத்துவக் கல்வியை மேற்பார்வை பார்க்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், மாற்றுத்திறன் உள்ள மாணவர்களுக்காக 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியின் அடிப்படையும் இதுதான். டாக்டருக்குத் தெரிய வேண்டியது அத்தனையும் தெரிந்தாக வேண்டும். அதைக் கற்கும் வழியிலும் காட்டும் வழியிலும் மாற்றம் செய்து தரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ல் வந்த பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு, மனநோய், தசைச் சிதைவு, தாலசீமியா, ஹீமோஃபீலியா எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு.

அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவிகிதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். சேர்த்துக்கொள்வதோடு கல்லூரியின் கடமை முடிந்துவிடவில்லை. அரசு நிதி பெறுகிற, அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ப ‘நியாயமான வசதி’ செய்து தர வேண்டும் என்கிறது சட்டம். நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக இல்லாத, ஆனால் அந்த மாணவருக்கு அவசியமான மாற்றங்கள் என்று இதற்குப் பொருள். மேலே சொன்ன ஸ்டூலும், கண்ணாடி மாஸ்க்கும், நைட் டியூட்டி இடைவெளியும் இதில் அடங்கும்.

‘எங்க பிள்ளைக்கு 40 சதவிகிதம் இல்லையே?’ என்கிறீர்களா? 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இறுகிப்போகும் கோளாறு உள்ள ஒருவர், சிவில் சர்வீஸ் தேர்வில் தனக்காக எழுத ஆள் கேட்டார். 40 சதவிகிதம் என்பது இட ஒதுக்கீட்டுக்கான அளவு, வசதி கேட்பதற்கு அது நிபந்தனை ஆகாது என்றது கோர்ட்.

2024 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு. பேச்சுக் குறைபாடு உள்ள ஒரு மாணவரின் வழக்கு அது. 40 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டி எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது; அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று நிபுணர் குழு பரிசோதித்துச் சொல்ல வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் மேலும் ஒரு படி. ‘இரண்டு கைகளும் முழுசாக இருக்க வேண்டும்’ என்ற பழைய நிபந்தனை சட்டத்துக்கே முரணானது என்று சொல்லிவிட்டது.

இந்தத் தீர்ப்புகளையொட்டி மருத்துவச் சேர்க்கை விதிகளும் மாறி வருகின்றன. நர்ஸிங்குக்கும் பிசியோதெரபிக்கும் விதிகள் தனி. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இராமல், நீங்கள் விண்ணப்பிக்கிற வருஷத்தின் விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படியுங்கள். கல்லூரி காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்து மூலம் புகார் செய்யலாம்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

“எங்க பிள்ளை ரொம்பக் கஷ்டப்படறான், நான் கூடவே வார்டுக்கு வரட்டுமா?” என்று கேட்கிற தாய்மார்கள் உண்டு. வேண்டாம் அம்மா! நீங்கள் பேச வேண்டிய இடம் வீடு. வார்டில் பிள்ளைதான் பேச வேண்டும். ‘எனக்கு இது வேண்டும்’ என்று தைரியமாக, மரியாதையாகக் கேட்கப் பழகுவதும் ஒரு பயிற்சிதான். வீட்டில் உங்களையே சீஃபாக வைத்து ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.

உடம்பின் சக்தியைக் கணக்கு வைத்துச் செலவழிக்க வேண்டும். இரண்டு பஸ் மாறி, நின்றபடியே வந்து, அதற்கப்புறம் ரவுண்ட்ஸ் என்றால் எந்த உடம்பு தாங்கும்? முடிந்தால் போஸ்டிங் நாட்களில் மட்டுமாவது பக்கத்தில் தங்க ஏற்பாடு செய்யுங்கள். கல்யாணத்துக்கு நகை சேர்க்கிற பணத்தில் ஒரு பங்கை நல்ல காது மெஷினுக்கோ, இலகுவான சக்கர நாற்காலிக்கோ செலவழிப்பதில் தவறே இல்லை. அது அந்தப் பிள்ளையின் தொழில் கருவி.

களைத்து வந்த நாளில், “நான் அப்பவே சொன்னேன், இந்தப் படிப்பு உனக்கு வேண்டாம்னு” என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். “இன்னிக்கு எங்கே இடிச்சுது?” என்று கேளுங்கள். இடித்த இடம் தெரிந்தால்தான் அடுத்த வாரம் அதற்கு வழி தேட முடியும்.

முடியாததும் உண்டு

எல்லாமே முடியும் என்று பொய் சொல்லக் கூடாது. எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் சில வேலைகள் சிலருக்குப் பாதுகாப்பாக வராது. அதை முயன்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முகத்தைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. வந்த முடிவை ஒப்புக்கொள்ளும் நேர்மை மாணவருக்கும் வேண்டும். “இது எனக்குத் தெளிவாக் கேக்கல சார், வேறொருத்தர் ஒரு தடவை பார்க்கட்டும்” என்று சொல்லத் தெரிந்தவர்தான் நம்பகமான டாக்டர். குறை இல்லாத டாக்டர்களுக்கும் இது பொருந்தும்.

மருத்துவத்தில் துறைகள் ஏராளம். ஒருவருக்கு ஆபரேஷன் தியேட்டர், இன்னொருவருக்கு மனநலம், மற்றொருவருக்கு ஸ்கேன், லேப், மறுவாழ்வு மருத்துவம். எது பொருந்தும் என்று வார்டில் சுற்றிப் பார்த்த பிறகு அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். உட்கார்ந்தே செய்யலாம் என்பதற்காக யாரையும் ஒரு மூலையில் தள்ளிவிட வேண்டாம்.

நோயாளியாக நீங்கள்...

உங்கள் வீட்டில் யாரும் டாக்டருக்குப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இதில் உங்களுக்குப் பங்கு உண்டு. என்றைக்காவது ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே போகிறோம்?

காதில் மெஷினோடும், கையில் ஊன்றுகோலோடும் ஒரு மாணவரோ நர்ஸோ வந்தால், “வேற யாராவது வரமாட்டாங்களா?” என்று கேட்டுவிடாதீர்கள். “உங்களுக்கே இப்படின்னா, எங்களை எப்படிப் பார்ப்பீங்க?” என்ற வேடிக்கைப் பேச்சும் வேண்டாம். அவர் மற்றவர்கள் எழுதிய அதே பரீட்சையை எழுதித்தான் அங்கே வந்து நிற்கிறார். அதோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று பல நேரம் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கம்மா” என்று அவர் கேட்டால், திரும்பி, நிதானமாகச் சொல்லுங்கள். உங்கள் உடம்பில் என்ன கோளாறு என்று தப்பில்லாமல் தெரிந்துகொள்ளத்தான் அவர் அப்படிக் கேட்கிறார்.